கூடைக்கயிறு

காந்தல்,
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி தினகரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாலதியும் தினம் மழையில் நனைந்தும் சளி பிடிக்காமல் இருக்கிறோம். அங்கே நீ, மச்சான், என் மருமகள் ஜீவா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கழுத்து வலி எப்படி?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறானே என்று திட்டாதே. நெல்லியாளத்தில் உங்கள் எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் டவர் கிடைப்பதே இல்லை. கிடைத்தாலும் நீ திட்ட ஆரம்பித்ததும் கட் ஆகிவிடுகிறது. நான்தான் வைத்துவிட்டேன் என்று ஒரு மாதம் பேசமாட்டாய். அம்மாவுக்கும் கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டினால்தான் திருப்தி.

சீசன் முடிந்துவிட்டது, ஆனால் எங்கள் பர்னிச்சர் கடையில் இப்போதுதான் வேலை அதிகம். லாட்ஜ்காரர்கள் சம்பாதித்த கையோடு பழைய கட்டில், பீரோவை மாற்றுகிறார்கள். விற்பது சுலபம், கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஊட்டியில் எத்தனை வீட்டு வாசலுக்கு வேன் போகிறது? ரோட்டில் நிறுத்திவிட்டுப் பள்ளத்துக்குப் படியிறங்க வேண்டும். நான்கு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறோம்.

ஒரு உதவி. அம்மா தேயிலைத் தோட்டத்தில் இலைக்கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்த கயிறு தகரப்பெட்டியில் கிடக்கும். ஊட்டி பஸ் கண்டக்டர் யாரிடமாவது கொடுத்து அனுப்பு. ஒரு வேலைக்கு வேண்டியிருக்கிறது.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
தினகரன்


நெல்லியாளம்,
16 ஜூன் 2024

தம்பி தினகரனுக்கு அக்கா விஜயா எழுதுவது. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். மாலதியை மழையில் நனைய விடாதே. நீ நனைந்தால் நனை, உனக்குச் சொன்னாலும் ஏறாது.

ஒரு வேலை என்றால் என்ன வேலை? கயிறு கடையில் கிடைக்காதா? அம்மா தானே பெட்டியைத் திறந்து எடுத்தாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த கயிறு. நெற்றியில் படுகிற இடத்தில் அவள் தைத்த பழைய சேலைத்துணி இன்னும் பிரியவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "பய கேட்டுட்டான், குடுத்து வுடு" என்றாள்.

அம்மாவின் கழுத்தைக் கேட்டாய். எப்போதும் போலத்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புகிறாள். நேற்று ஜீவா கூப்பிட்டதற்குத் திரும்பப் போய், கையிலிருந்த தேத்தண்ணி கொட்டிக் கால் வெந்துபோனது. அந்தக் கயிறு கொடுத்த சீர்வரிசை அது. நினைவிருக்கட்டும்.

கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். என்ன வேலை என்று உடனே எழுது.

அக்கா,
விஜயா


காந்தல்,
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் காலுக்கு மருந்து போட்டீர்களா?

கயிறு வந்தது. என்ன வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். போன வாரம் கீழே ஒரு பங்களாவுக்கு இரண்டு கதவு பீரோ. வளைந்த படி, நாலு பேர் நிற்கவே இடமில்லை. முன்னால் போகிறவன் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். நான் பீரோவைக் கயிற்றில் கட்டி, அம்மா கூடை மாட்டுகிற மாதிரி நெற்றியில் மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு கையும் சும்மா இருக்கிறது அக்கா! சுவரைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். மற்ற மூன்று பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

முதலாளி பிரசாத் கேள்விப்பட்டு மறுநாள் அவரே வந்தார். "எங்கீப்பா கத்துக்கிட்ட?" என்றார். எங்கம்மாகிட்ட என்றேன். இன்னொரு தடவை தூக்கச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தார். கடையில் எல்லோருக்கும் முன்னால் கைகொடுத்தார். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நானே வரும்போது சொல்கிறேன்.

தினகரன்


நெல்லியாளம்,
21 ஜூலை 2024

தினகரா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே ஜீவா கூடலூரிலிருந்து போனில் உங்கள் கடை விளம்பர வீடியோவைக் கொண்டுவந்துவிட்டாள். பின்னால் பாட்டு, உன் முதலாளியின் குரல், குறுக்கே பெரிய எழுத்து: "எந்தப் படிக்கட்டும் கவலையில்லை! ஒரே ஆள், உங்கள் படுக்கையறை வரை!" நடுவில் நீ, அம்மா கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. லைன் முழுக்கப் பார்த்தார்கள். உங்க தம்பி பேமஸ் ஆயிட்டார் என்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் சொன்னாள். எனக்கு அறையலாம் போல இருந்தது. அவளை இல்லை, உன்னை.

உன்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது எதற்கு? அந்தக் கயிறு உன் தலையில் ஏறக்கூடாது என்றுதானே?

அம்மா கத்தவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் மண்டையில் ஏறுகிறதா பார்: "மலையில கால் வழுக்குனா தலையைப் பின்னால சாச்சிருவோம். கயிறு கழண்டுரும், கூடை போயிரும், ஆளு தப்பிச்சுக்கும். கொழுந்து கொட்டுனா கங்காணி ஏசுவான், அம்புட்டுத்தான். கூடைய வுடலாம். பீரோவ வுட முடியுமாடா ஒன்னால?"

பதில் சொல். விட முடியுமா? கண்ணாடி உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நீதானே முன்பு சொன்னாய்?

கயிற்றைத் திருப்பி அனுப்பு.

விஜயா


காந்தல்,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டாவது சீசனுக்கு முன்னால் வேலை நெருக்கிவிட்டது. சுகமாக இருக்கிறோம்.

கயிற்றைத் திருப்பி அனுப்ப முடியாது. கடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பிரசாத் காட்டுகிறார். அதைப் பார்த்து மார்க்கெட்டில் பை தைக்கிறவரிடம் நைலான் பெல்ட் ஆறு தைத்து வாங்கிவிட்டார். ஒரு டெலிவரிக்கு ஒரு ஆள் போதும் என்று, என்னோடு தூக்கிய மூன்று பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது நானும் புதிதாக வந்த ஜமீலும்தான். நம் காந்தல் பையன்தான், கல்யாணமாகி ஒரு வருடம். இதற்கு முன் துணிக்கடையில் இருந்தான். பெல்ட் மாட்டப் பழக்கிக் கொடுத்தேன். நல்ல தமாஷ் பேர்வழி, மாட்டியதும் மாடு மாதிரிக் கத்திக் காட்டுவான்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா சரியில்லை.

தினகரன்


நெல்லியாளம்,
15 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். பேனா வாங்க வக்கில்லாத கடையில் எட்டு வருடமாக என்ன வேலை பார்க்கிறாய்?

அம்மா கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தலையைப் பின்னால் சாய்க்கிறதை அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

விஜயா


காந்தல்,
20 அக்டோபர் 2024

அக்கா,

சொல்லிக் கொடுத்தேன். முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன்.

பதினொன்றாம் தேதி குன்னூர் ரோட்டில் ஒரு ஹோம்ஸ்டேக்கு மூன்று கதவு பீரோ, நடுக்கதவு முழுக் கண்ணாடி. நான் வேறு வேனில் போயிருந்தேன். மழை. ஜமீல் தனியாக இறங்கியிருக்கிறான். பாசி பிடித்த படி. கால் வழுக்கியதும் தலையைச் சாய்த்திருந்தால் பீரோ பின்னால் போயிருக்கும், இவன் உட்கார்ந்திருப்பான். சாய்க்கவில்லை. முதல் வாரம் ஒரு டீப்பாய்க் கண்ணாடி உடைந்து சம்பளத்தில் பாதி போயிருந்தது. அந்தப் பயம். குனிந்து தாங்கப் பார்த்திருக்கிறான். மொத்தமும் கழுத்திலும் முதுகிலும் இறங்கிவிட்டது.

கண்ணாடி உடையவில்லை அக்கா. ஒரு கீறல் இல்லை. அன்று சாயந்திரமே அந்த வீட்டு அறையில் வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பிரசாத்தும் வந்தார். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து, "வேலையில அடின்னு சொன்னா போலீஸ், கேசுன்னு உனக்குத்தான் அலைச்சல் கண்ணு. ஊட்டுப் படியில வழுக்கி உளுந்தேன்னு சொல்லீரு. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். வலியில் அவன் எதற்கும் தலையாட்டினான். சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டாக்டர் இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்திப் பார்க்கிறார். அவனுக்குத் தெரிவதில்லை.

தினகரன்


நெல்லியாளம்,
27 அக்டோபர் 2024

தினகரா,

அந்தப் பையனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஆண்டவன் துணையிருக்கட்டும். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பக்கத்தில்தான் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். நின்று என்ன செய்தாய்? வாயில் கொழுக்கட்டையா? உன் வாயால் பீரோ என்ற ஒரு வார்த்தை வரவில்லையா? செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றானே, பார்த்தானா? எழுது. எனக்குத் தெரியும், முதல் வாரம் பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பான், அதோடு சரி.

எங்கள் எஸ்டேட்டில் காட்டெருமை முட்டினாலும் டியூட்டியில் முட்டியதா, லீவில் முட்டியதா என்று கேட்பார்கள். அதனால் இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும், முதல் சீட்டில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கடைசி வரை. நீ அங்கே நின்றுகொண்டு அதை எழுத விட்டாய்.

ஜமீலின் வீட்டுக்குப் போ. தொழிற்சங்கத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போ. நடந்ததைச் சொல். இது நான் கேட்டுக்கொள்வது இல்லை, சொல்வது.

விஜயா


காந்தல்,
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சாப்பிடுகிறாளா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

நீ சொன்னது சரி. பழம்தான் வந்தது, ஒரே ஒரு தடவை. ஜமீலின் மனைவி பர்சானா கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். பிரசாத் சொன்ன பதில்: "கயிறு தினகரனோடது. கழுத்து உங்கூட்டுக்காரரோடது. இதுல கடைக்கு என்னம்மா சம்பந்தம்?" அந்தப் பெண் குன்னூரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டாள். வீடியோவைப் பிரசாத் அழித்துவிட்டார். கடையில் மாட்டியிருந்த கயிற்றையும் காணோம்.

நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கயிற்றைக் கொண்டுவந்ததும் பழக்கிக் கொடுத்ததும் நானாகச் செய்தது, கடைக்குத் தெரியாது என்று ஒரு கையெழுத்து வேண்டுமாம். போட்டால் என்னை சூப்பர்வைசராகப் போடுவாராம். "இனி நீ ஒரு ஸ்டூலக்கூடத் தூக்க வேண்டாம்ப்பா" என்றார்.

அக்கா, கோபப்படாமல் யோசித்துப் பார். கயிறு என்னுடையதுதானே? அது பொய்யில்லையே? இனிமேல் தூக்க வேண்டாம் என்கிறார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நினைத்துப் பார்.

தினகரன்


நெல்லியாளம்,
22 நவம்பர் 2024

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தூக்கக் கசந்துவிட்டதா உனக்கு? நாற்காலி கேட்கிறதோ உடம்பு? அவன் ஒருத்தன் இடுப்புக்குக் கீழே செத்துக் கிடக்கிறான், நீ அவன் மேல் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாய். உட்கார். நன்றாகச் சாய்ந்து உட்கார்.

கயிறு உன்னுடையது இல்லை. அம்மாவுடையது. அதை வைத்து நம் அம்மா நம் இருவரையும் வளர்த்தாள், யார் கழுத்தையும் ஒடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் இந்தப் பக்கம் வராதே.

விஜயா


காந்தல்,
12 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. அதனால் வேலையும் இல்லை. மாலதி ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போகிறாள். முப்பதாம் தேதி குன்னூரில் விசாரணை. ஜமீலுக்குச் சாட்சி நான்.

ஜீவாவின் போனில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா?

தினகரன்


நெல்லியாளம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

குன்னூர் விசாரணைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிச் சேர்ந்தேன். ஜீவாவின் போனும் பத்திரமாக வந்துவிட்டது. நீயும் மாலதியும் சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன். நிஜமாகவே பதில் சொல்.

முதலில் அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அந்த அதிகாரி முன்னால் நீ நின்று, "கயிறு என்னோடதுதானுங்க, எங்கம்மாவோடது. ஆனா ஜமீல் தலையில இருந்தது நைலான் பெல்ட்டுங்க. அதத் தைக்கக் குடுத்தது நானில்லீங்க. மூணு பேர நிறுத்துனதும் நானில்லீங்க" என்று சொன்னதை அப்படியே சொன்னேன். வீடியோவில் "ஒரே ஆள்" என்று பிரசாத்தின் குரலே கேட்டதும் அவன் முகம் போன போக்கையும் சொன்னேன். அம்மா இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள்.

இனி அவளிடம் சொல்லாதது.

விசாரணை முடிந்து நீ எனக்கு முன்னால் படியிறங்கிக்கொண்டிருந்தாய். நான் பின்னாலிருந்து "தினா" என்று கூப்பிட்டேன். நீ நின்றாய். தலையைத் திருப்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஆளோடு திரும்பினாய்.

முப்பது வருடமாக அம்மா திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கா தெரியாது?

எப்போதிருந்து என்று கேட்டேன். குளிர் என்றாய். டீக்கடையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாய். வலது கை விரலில் டீ சிந்தியது, உனக்குச் சுடவில்லை. பேனா சரியில்லை என்று எழுதினாயே, அப்போதிருந்தா? "இனிமேல் தூக்க வேண்டாம் என்கிறார், அந்த ஒரு வார்த்தையை நினைத்துப் பார்" என்று எழுதினாயே, அதற்கு அர்த்தம் இதுவா? நான் அதற்கு என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கடிதம் இன்னும் இருந்தால் அடுப்பில் போடு.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பிரசாத் மேல் இருப்பதில் பாதி உன் மேல் இருக்கிறது. உடம்பைப் பற்றி அவன் பொய் சொல்லச் சொன்னது ஜமீலிடம் மட்டும்தான். உன்னிடம் சொல்லவே இல்லை, நீயாகவே இத்தனை மாதம் நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்! அவனுக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்?

மனுவில் ஜமீல் பெயருக்குக் கீழே உன் பெயரும் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ.

உன் அக்கா,
விஜயா


காந்தல்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது மாலதியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவள் சுகம். நான் சுகமில்லை.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து அக்கா. முதலில் விரல் மரத்தது. ஜமீல் விழுந்த பிறகு என் வலியைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் கிடக்கிற கிடைக்கு முன்னால் இது என்ன என்று இருந்தது. பிறகு சாட்சி என்று ஆனதும் இன்னும் பயம். நானும் பணம் கேட்டால், பங்கு கேட்கிறவன் பேச்சை எப்படி நம்புவது என்று பிரசாத்தின் ஆள் கேட்பான், ஜமீலின் கேஸ் போய்விடும் என்று நினைத்தேன். சங்கத்துக்காரரிடம் கேட்டேன். "அவன் எதையும்தான் கேப்பான். அதுக்காக நீ படுத்துக்குவியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பர்சானாவும் கூட வந்தாள். ஜமீல் அனுப்பினானாம், இந்தத் தடவை பக்கத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கையைத் தட்டிப் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். ஆளோடு திரும்பினேன். சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமலே, "எப்ப உளுந்தீங்க? ஊட்லயா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை அக்கா. இந்த ஊரில் சுமை தூக்குகிற எல்லோரும் அவரிடம் வீட்டில் விழுந்தவர்களாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் ஆமாம் என்று தலையாட்ட வந்தது. கழுத்துதான் ஆடவில்லை.

"உளுகலீங்க" என்றேன். "தூக்குனேனுங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். எங்கே என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். சீட்டைப் பர்சானா குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெயரை எழுதி முடிக்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டு.

உன் தம்பி,
தினகரன்